ஓட்டையை அடைத்துவிட்டுக் குட்டியைக் கூப்பிடுங்கள்

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் மூன்றாம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். கணவர், நான், எட்டு வயது மகள், மாமியார். மழையில் ஒரு காரின் பானெட்டுக்குள் சிக்கிக் கிடந்த பெண் பூனைக்குட்டியை மீட்டு வளர்த்துவரும் தன்னார்வலர் ஒருவரிடம் தத்து கேட்டிருக்கிறோம். குட்டிக்கு இப்போது ஏழு வாரம். "வருகிற ஞாயிறு வீட்டைப் பார்க்க வருகிறேன், அதற்குப் பிறகுதான் முடிவு" என்கிறார். என்ன பார்ப்பார்? எப்படித் தயாராவது? சுவரைத் துளைக்க ஹவுஸ் ஓனர் விடமாட்டார். நாங்கள் சைவம்; பால் சாதம், தயிர் சாதம் கொடுத்து வளர்க்கலாமா? மாமியாருக்கு லேசாக வீசிங் உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் முன்பு வேறு வீட்டில் இருந்தபோது நாங்கள் வளர்த்த பூனை, திறந்திருந்த வாசல் வழியாகப் போனது, திரும்பவே இல்லை. இதைச் சொன்னால் குட்டியைத் தர மறுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மறைக்காதீர்கள். "இதற்கு முன் வளர்த்த பிராணி என்ன ஆனது?" என்று தத்துப் படிவத்திலேயே பெரும்பாலும் கேட்டிருப்பார்கள், நேரிலும் கேட்பார்கள். பூனை தொலைந்த வீடு என்பதற்காக மட்டும் யாரும் மறுப்பதில்லை. ஏன் தொலைந்தது என்று யோசித்தே பார்க்காத வீடுதான் அவர்களுக்குக் கவலை. எந்த நேரம், யார் கதவைத் திறந்தார்கள், பூனை அப்போது எங்கே இருந்தது, அதற்குக் கருத்தடை செய்திருந்ததா என்று குடும்பத்தோடு ஒரு முறை பேசி வையுங்கள். கருத்தடை செய்யாத பூனை பருவத்துக்கு வந்தால் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு நொடி திறந்தால் போதும். "அன்று இப்படி நடந்தது, இந்த வீட்டில் அதற்காக இதைச் செய்திருக்கிறோம்" என்று கதவைத் தொட்டுக் காட்டினால், நீங்கள் பயப்படுகிற அந்தச் சம்பவமே உங்களுக்குச் சாதகமாகப் பேசும்.

வருகிறவர் எதற்காக இவ்வளவு பார்க்கிறார் என்று தெரிந்தால் தயாராவது சுலபம். இலவசமாகக் கிடைக்கிற குட்டியை வாங்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். குட்டி போட வைப்பதற்காகப் பெண் குட்டியாகக் கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை வடிகட்ட வேண்டும். ஆனால் அதைவிட அதிகமாக நடப்பது வேறு: நல்ல மனசோடு வாங்கிப் போன வீட்டில், ஒரு மாதத்துக்குள் குட்டி பால்கனியிலிருந்து விழுந்துவிடும், அல்லது படிக்கட்டில் இறங்கித் தொலைந்துவிடும். அதனால்தான் அவர் உங்கள் சோபாவையோ டைல்ஸையோ பார்க்கப்போவதில்லை. ஓட்டைகளைப் பார்ப்பார், பிறகு வீட்டு மனிதர்களின் முகத்தைப் பார்ப்பார். இரண்டும் சரியாக இருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஓட்டைகளைக் கண்டுபிடிக்க ஒரு டேபிள் டென்னிஸ் பந்து வாங்கிக்கொள்ளுங்கள். அதன் குறுக்களவு 40 மில்லிமீட்டர். அது நுழைகிற எந்த இடைவெளியும் ஏழெட்டு வாரக் குட்டிக்கு வாசல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பூனைக்குக் காறை எலும்பு மற்ற எலும்புகளோடு இறுகப் பிணைந்திருப்பதில்லை. அதனால் தலை நுழைந்தால் தோள் தானாகச் சுருங்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடும். மகளிடம் பந்தைக் கொடுத்து, தரையில் உட்கார்ந்து வீடு முழுக்கச் சோதிக்கச் சொல்லுங்கள். நின்றுகொண்டு பார்க்கிற பெரியவர்களுக்குத் தெரியாத பல ஓட்டைகளை அவள் கண்டுபிடிப்பாள்.

நம் வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே பெரும்பாலும் மூன்று நான்கு அங்குல இடைவெளி இருக்கும். அது திருடனைத் தடுக்கும், குட்டியைத் தடுக்காது. கொசுவலை போட்டிருக்கிறோமே என்று நினைக்க வேண்டாம். வெல்க்ரோவில் ஒட்டிய வலையை மூன்று மாதக் குட்டி ஏறி விளையாடியே பிய்த்துவிடும். ஃபைபர் வலை நகம் பட்டால் கிழியும். சறுக்கும் கதவில் வருகிற மெஷ் பரவாயில்லை, ஆனால் அது சறுக்கிக்கொண்டு திறக்காதபடி உள்ளே ஒரு தாழ் இருக்க வேண்டும்.

சுவரைத் துளைக்காமலே ஜன்னல்களை முடிக்கலாம். ஹார்டுவேர் கடையில் அரை அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. வெல்ட் மெஷ் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி வலை) அடி கணக்கில் வெட்டித் தருவார்கள். ஜன்னல் அளவைவிட நான்கு பக்கமும் 5 சென்டிமீட்டர் கூடுதலாக வாங்கி, அந்தக் கூடுதல் ஓரத்தைப் பின்பக்கமாக மடித்துவிடுங்கள். வெட்டிய முனைகள் உங்கள் கையையோ குட்டியின் பாதத்தையோ கிழிக்காது. பிறகு அதை இருக்கிற கிரில் கம்பியிலேயே, 15 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு என்று கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் கேபிள் டை வேலையைச் சுலபமாக்கும். ஆனால் சென்னை வெயிலில் சாதாரண வெள்ளை டை சில மாதங்களிலேயே உளுத்துப்போய், கை பட்டால் உடையும். வீடு காலி செய்கிற அன்று கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்தால் சுவரில் ஒரு தடமும் இருக்காது. ஓனரிடம் இதை விளக்கிச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

பால்கனிக்குக் கிரில் இல்லையென்றால்தான் சிக்கல். புறாவலை போடுகிறவர்கள் சுவரில் அடிக்கு ஒரு கொக்கி அடித்துக் கயிறு கோத்து வலையை இழுத்துக் கட்டுவார்கள். அதற்குத் துளை போட்டே ஆக வேண்டும். ஓனர் சம்மதித்தால் 50 மில்லிமீட்டர் கண்ணை வாங்காதீர்கள், அது புறாவுக்கான அளவு. 25 மில்லிமீட்டர் கேளுங்கள். கட்டி முடித்ததும் வலையின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள், பிறகு கீழ் மூலைகளில் இரண்டு விரலை நுழைத்துப் பாருங்கள். விரல் போனால் அங்கே இன்னொரு கொக்கி வேண்டும். பூனைகள் வலையை நடுவில் கிழிப்பதைவிடக் கீழ் மூலையில் முட்டித் திறப்பதுதான் அதிகம். நைலான் வெயிலில் நைந்துபோகும், பூனை கடித்தும் அறுக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழு வலையையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஓனர் சம்மதிக்கவில்லையென்றால் பால்கனிக் கதவை எப்போதும் சாத்தியே வைப்பது என்று முடிவெடுங்கள். கதவு தானே மூடிக்கொள்ள ஒரு ஸ்பிரிங், குட்டிக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ். துணி காயப்போடப் போகும்போது குட்டி வேறு அறையில் அடைபட்டிருக்க வேண்டும். இதை வருகிறவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சிலர் ஏற்பார்கள், சிலர் வலை இல்லாமல் முடியாது என்பார்கள். முடியாது என்பவர்மேல் வருத்தப்படாதீர்கள்.

"பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலில்தான் நிற்கும்" என்ற பேச்சை நம்பிப் பால்கனியைத் திறந்து வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காலில் விழுவது உண்மைதான். ஆனால் மூன்றாம் மாடியிலிருந்து காலில் விழுந்தால் அந்த அதிர்ச்சியைக் கால் மட்டும் தாங்காது. மார்பும் முகவாயும் தரையில் மோதும். நுரையீரல் கசங்குவது, மேலண்ணம் பிளப்பது, தாடை உடைவது ஆகியவைதான் இப்படி விழுந்த பூனைகளில் பார்க்கிற காயங்கள். குதிக்க வேண்டும் என்று அவை குதிப்பதில்லை. கைப்பிடிச் சுவரில் ஒரு புறா, சன்ஷேடில் ஒரு பல்லி, அவ்வளவுதான். கண் அதிலேயே நிலைத்துவிட்டால் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காது.

இப்போது உங்கள் வாசல். பெரும்பாலான பிளாட்களில் மரக்கதவுக்கு வெளியே ஓர் இரும்புக் கிரில் கதவு இருக்கும். காற்றுக்காக மரக்கதவைத் திறந்துவிட்டுக் கிரிலை மட்டும் பூட்டி வைப்போம். அந்தக் கிரிலுக்கும் ஜன்னலுக்குச் சொன்ன அதே வெல்ட் மெஷ்தான், ஆனால் அடியிலிருந்து உச்சி வரை. கீழே மூன்றடி மட்டும் அடித்தால் குட்டி மெஷ்ஷைப் பிடித்து ஏறி, மேலே கம்பி இடைவெளியில் இறங்கிவிடும். கதவின் அடிப்பக்க இடுக்கையும் பந்தால் சோதியுங்கள். அதன் பிறகு பழக்கம் ஒன்று வேண்டும்: இரண்டு கதவில் ஒன்றுதான் ஒரு நேரத்தில் திறந்திருக்கலாம். வெளியே போகிறவர் மரக்கதவைப் பின்னால் சாத்திவிட்டுத்தான் கிரிலைத் திறக்க வேண்டும். காலையில் பால் பாக்கெட் எடுக்கிற நேரம், குப்பை போடுகிற நேரம், கூரியர் வந்து ஓடிபி கேட்கிற நேரம் ஆகிய மூன்றும்தான் குட்டிகள் நழுவுகிற நேரங்கள். மணி அடித்ததும் "குட்டி எங்கே?" என்று ஒருவர் கேட்டு, பதில் வந்த பிறகு கதவைத் திறப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொறுப்பை மகளிடம் கொடுத்தால் பெரியவர்களைவிடக் கண்டிப்பாக இருப்பாள்.

குளியலறையில் மேலே கண்ணாடிப் பட்டைகள் வைத்த வென்டிலேட்டர் இருக்கும். அதை யாரும் ஜன்னல் கணக்கில் சேர்ப்பதில்லை. பட்டைகளுக்கு நடுவே பந்து போகும். குட்டி கமோடு, ஃபிளஷ் டேங்க், வென்டிலேட்டர் என்று மூன்றே தாவலில் அங்கே இருக்கும். அங்கும் மெஷ் வேண்டும், இல்லையென்றால் குளியலறைக் கதவு எப்போதும் மூடியிருக்க வேண்டும். மூடி வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் பிடித்து வைத்த பக்கெட், டிரம் எதற்கும் மூடி அவசியம். வழுவழுப்பான பிளாஸ்டிக் சுவரில் நகம் பிடிக்காது, பாதி பக்கெட் தண்ணீரே 700 கிராம் குட்டியை மூழ்கடிக்கும். வாஷிங் மெஷினை ஒவ்வொரு முறையும் கையை விட்டுத் துழாவிப் பார்த்த பிறகே ஓடவிட வேண்டும். துணிக்குள் சுருண்டு தூங்குவது குட்டிகளுக்குப் பிடிக்கும். ஃபிரிட்ஜின் பின்புறம், கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டி, சாய்கிற சோபாவின் உட்புறம் இவற்றையும் அட்டையால் அடைத்துவிடுங்கள். பீரோ உச்சியிலிருந்து ஓடுகிற சீலிங் ஃபேன் எவ்வளவு தூரம் என்று ஒரு முறை அண்ணாந்து பாருங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய ஓர் ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாயங்காலம் வைத்த மல்லிகைச் சரத்தை இரவில் தலையிலிருந்து எடுத்து மேஜைமேல் போட்டுவிடுவோம். காலையில் பூ வாடி உதிர்ந்திருக்கும், நூல் மட்டும் கிடக்கும். மல்லிகைப் பூ பூனைக்கு விஷமில்லை. நூல்தான் எமன். பூனையின் நாக்கில் இருக்கிற முட்கள் எல்லாம் தொண்டையை நோக்கி வளைந்தவை. நூல் ஒரு முறை ஒட்டினால் துப்ப முடியாது, விழுங்கிக்கொண்டேதான் போகும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலோ மாட்டிக்கொள்ள, மறு முனை குடலுக்குள் இறங்கும். சுருக்குப்பையின் நாடாவை இழுத்தால் துணி எப்படிக் கொசுவிக்கொள்கிறதோ, அப்படிக் குடல் நூலின்மேல் மடிந்து மடிந்து சுருங்கி, கடைசியில் நூல் குடலை அறுக்கும். வாந்தி, சாப்பிடாமை, ஒரு மூலையில் குறுகி உட்காருதல், இவ்வளவுதான் வெளியே தெரியும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள். உள்ளே மாட்டியிருந்தால் நீங்கள் இழுக்கிற ஒவ்வொரு இழுப்பும் குடலை அறுக்கும். அப்படியே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள். பூச்சரம், தையல் ஊசி நூல், ரப்பர் பேண்டு, முடிக்கு மாட்டுகிற பேண்டு எல்லாவற்றுக்கும் மூடி போட்ட ஒரு டப்பா வைத்துவிடுங்கள்.

வீடு துடைக்க என்ன போடுகிறீர்கள்? ஃபினாயில் என்றால் நிறுத்துங்கள். ஃபினால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றுகிற நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்து, பாதத்தை நக்கியே உள்ளே போய்விடும். வெள்ளை ஃபினாயிலில் இருக்கிற பைன் எண்ணெயும் ஆகாது. சோப்புத் தண்ணீரே போதும். அதே நொதிக் குறைவால்தான் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. குட்டி சூடாக இருக்கிறதே என்று அரை மாத்திரை கொடுத்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும், ஈறு நீலம் பாயும், உயிரே போகும். பூனையின் இயல்பான உடல் சூடே 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், நம் கைக்கு எப்போதும் சூடாகத்தான் தெரியும். நாய்க்கு உண்ணி மருந்தாகக் கழுத்தில் விடுகிற சில திரவங்களில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். அதைத் தெள்ளுப்பூச்சிக்காகக் குட்டிக்குப் போட்டுவிட்டு வலிப்போடு தூக்கிவருவது அடிக்கடி நடக்கிறது. பீரோவில் போடுகிற பாச்சை உருண்டை, பூஜைக் கற்பூரம் இரண்டும் எட்டாத டப்பாவில் இருக்கட்டும். கொசுவத்திச் சுருளைக் குட்டி இருக்கிற மூடிய அறையில் ஏற்றாதீர்கள்.

செடிகளில் துளசியும் மல்லிகையும் பயமில்லை. மணி பிளான்டைக் கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும், உயிருக்கு ஆபத்து அரிது. அரளி இதயத்தைத் தாக்கும். பொக்கேயில் வருகிற லில்லிப் பூ எல்லாவற்றிலும் மோசம். அதன் மகரந்தம் ரோமத்தில் பட்டு நக்கினாலே, ஏன், ஜாடித் தண்ணீரைக் குடித்தாலே, சில நாளில் சிறுநீரகம் செயலிழந்துவிடும். நம் மாநிலப் பூவான செங்காந்தள் அந்த இனத்தைச் சேர்ந்ததல்ல. ஆனால் அதன் கிழங்கிலும் விதையிலும் கொல்ச்சிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது, தொட்டியில் வைத்திருந்தால் அப்புறப்படுத்துங்கள்.

சாப்பாட்டுக் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பால் சாதமும் தயிர் சாதமும் போட்டுப் பூனை வளர்க்க முடியாது. பூனை பிறவியிலேயே அசைவம். டாரின் என்ற சத்தை நம் உடல் தயாரித்துக்கொள்ளும். பூனையின் உடல் தேவைக்குத் தயாரிக்காது, இறைச்சியிலிருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987-ல் உறுதியானது, அதற்குப் பிறகு பூனை உணவுகளில் டாரினைக் கூட்டினார்கள். தெருவில் தயிர் சாதம் சாப்பிட்டு வாழ்கிற பூனையைக் காட்டி வாதாடுவார்கள். அது எலியும் பல்லியும் பிடித்துச் சமன் செய்துகொள்கிறது. வீட்டுக்குள்ளேயே இருக்கப்போகிற குட்டிக்கு அந்த வழி இல்லை.

அதற்காக உங்கள் அடுப்பில் மீன் வேக வேண்டியதில்லை. பையில் 'கிட்டன்' என்றும் 'கம்ப்ளீட்' என்றும் போட்டிருக்கிற உலர் உணவை வாங்கித் தனி டப்பா, தனிக் கிண்ணம் வைத்துக்கொண்டால் சமையலறைக்குள்ளேயே வர வேண்டாம். இந்த வயதில் ஒரு நாளைக்கு 40 முதல் 50 கிராம் ஆகும், நான்கு வேளையாகப் பிரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து. டியூபில் பிதுக்கி நக்கக் கொடுக்கிற க்ரீம் வகைகள் வெறும் தின்பண்டம், சாப்பாடாகாது. பசும்பாலில் இருக்கிற லாக்டோஸ் தாய்ப்பால் மறந்த குட்டிக்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். முக்கால் கிலோ உடம்பு ஒரே நாளில் வற்றிவிடும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புச் சாதம் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வருகிறவர் "என்ன கொடுப்பீர்கள்?" என்று கேட்பார். "நாங்கள் சைவம், ஆனால் குட்டிக்கு அதன் உணவுதான்" என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். அதற்கு மனம் ஒப்பாத வீடு என்றால் முயல் வளர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

மாமியார் விஷயம்தான் எனக்கு வலையைவிட முக்கியமாகப் படுகிறது. நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால், மகள் பள்ளி போன பிறகு பகல் முழுக்கக் குட்டியோடு இருக்கப்போவது அவர்தான். அவருக்கு இஷ்டமா என்று கேட்டீர்களா? "பிள்ளை ஆசைப்படுகிறாள்" என்ற வார்த்தையில் அவர் வாயை அடைத்துவிடாதீர்கள். வருகிறவர் அவரிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசிப் பார்ப்பார், அப்போது உண்மை வந்துவிடும்.

வீசிங்கைப் பொறுத்தவரை, பூனை ரோமம் நேரடிக் காரணம் இல்லை. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் இருக்கிற ஃபெல் டி 1 என்ற புரதம் உலர்ந்து, பொடிப்பொடியாகக் காற்றில் மிதக்கும். சிலருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்கு மூச்சை இறுக்கும். எப்படி என்று குட்டி வருவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். தன்னார்வலர் வீட்டுக்கு மாமியாரை இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் அழைத்துப் போங்கள். அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டிக் கேட்டு, இன்ஹேலரையும் கையில் வைத்துக்கொண்டு. அன்று இரவும் மறுநாளும் மூச்சு எப்படி இருக்கிறது என்று குறித்து வையுங்கள். ஒன்றும் ஆகவில்லையென்றால் அவர் படுக்கையறை மட்டும் பூனை நுழையாத அறையாக இருக்கட்டும். இழுப்பு வந்தால் இந்தத் தத்து வேண்டாம். ஆறு மாதம் கழித்துத் திருப்பி அனுப்புவதைவிட இப்போதே வேண்டாம் என்பது அந்தக் குட்டிக்குச் செய்கிற நன்மை.

ஹவுஸ் ஓனரின் சம்மதத்தை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். அபார்ட்மென்ட் அசோசியேஷன் வளர்ப்புப் பிராணிகளுக்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது, யாராவது வாதாடினால் அதைக் காட்டலாம். ஆனால் வாடகை ஒப்பந்தம் உங்களுக்கும் ஓனருக்கும் நடுவே உள்ளது. அதில் பிராணிகள் கூடாது என்று எழுதியிருந்தால் பேசித்தான் மாற்ற வேண்டும். தத்துப் பூனைகள் திரும்பி வருவதற்கு 'ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை' என்பது அடிக்கடி சொல்லப்படுகிற காரணம். அதனால் இதைத் துருவித் துருவிக் கேட்பார்.

நீங்களும் அவரிடம் கேட்க வேண்டியவை உண்டு. குட்டியின் இன்றைய எடை என்ன? வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் என்பது கணக்கு, ஏழு வாரத்தில் 700 கிராம் பக்கம் இருக்க வேண்டும். குடற்புழு மருந்து எந்தத் தேதிகளில் கொடுத்தார்? எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை. தடுப்பூசி போட்டிருந்தால் அட்டையில் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். முத்தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் தாண்டும்வரை போட வேண்டும். ஒன்று போட்டால் போதாதா என்று கேட்பார்கள். தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியையே முறித்துவிடும். அது எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் வடியும் என்று தெரியாது, அதனால்தான் தொடர். 12 வாரத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, ஒரு வருடத்தில் மறுபடி. காது மடலிலோ முகத்திலோ வட்டமாக முடி கொட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது படர்தாமரையாக இருந்தால் மகளுக்கும் ஒட்டும். குணமாகிற வரை குட்டி அங்கேயே இருப்பது நல்லது.

மகளிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள்: குட்டி கடித்தாலோ பிராண்டினாலோ திட்டுவார்கள் என்று பயந்து மறைக்கக்கூடாது. தெருவிலிருந்து வந்த, வெறிநோய்த் தடுப்பூசி போடும் வயது வராத குட்டி இது. காயத்தைக் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தோலுக்குள் போடுகிற ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் இலவசமாகப் போடுவார்கள். ரத்தம் கசிந்த காயமென்றால் இம்யூனோகுளோபுலின் என்ற உடனடி எதிர்ப்பு மருந்தும் வேண்டும். குட்டி நன்றாகத்தானே இருக்கிறது என்று தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை இது.

முதல் ஒரு வாரம் ஒரே அறைதான் குட்டியின் உலகம். உங்கள் படுக்கையறையே போதும். ஒரு மூலையில் சாப்பாடு, எதிர்மூலையில் லிட்டர் ட்ரே, அதாவது குட்டி மலம், சிறுநீர் கழிக்கிற மண் தட்டு. ட்ரேயின் விளிம்பு 6 சென்டிமீட்டருக்குமேல் போனால் ஏறமாட்டாமல் கட்டிலடியில் போய்விடும். மண்ணைக் கொறித்துப் பார்க்கிற வயது என்பதால், ஈரம் பட்டால் கட்டியாகிற வகையைத் தவிர்த்து மரத்தூள் உருண்டையை மூன்று விரற்கடை உயரத்துக்குப் போடுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, தூக்கி வந்த கூடை திறந்தபடி அங்கேயே. 12 மணி நேரம் ஒன்றும் சாப்பிடவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். இந்த எடையில் ரத்தச் சர்க்கரை சீக்கிரம் இறங்கிவிடும். அருகில் பூனை பார்க்கிற மருத்துவர் யார், இரவு அவசரம் என்றால் எங்கே என்று இப்போதே விசாரித்துக் குறித்து வையுங்கள், அதையும் கேட்பார்.

படிவத்தில் கையெழுத்துப் போடும்போது இரண்டு வரிகளை நிதானமாகப் படியுங்கள். கருத்தடை கட்டாயம் என்று ஒரு வரி இருக்கும். பெண் குட்டி நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம், சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஐந்தாவது மாதத்தில் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கிவிடுங்கள். இன்னொரு வரி, வளர்க்க முடியாவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்காமல் அவரிடமே திருப்பித் தர வேண்டும் என்பது. இதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு என்ன ஆனாலும் அந்தக் குட்டிக்குப் போக ஓர் இடம் இருக்கிறது என்று அர்த்தம். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கும் ஒரு பெயரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இவ்வளவும் முடியாது. அரைகுறையாகக் கட்டி, "மீதியைக் குட்டி வந்ததும் செய்துவிடுகிறோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர் பல தடவை கேட்டு ஏமாந்த வாக்கியம் அது. இன்றைக்கே கூப்பிட்டு, "வலை வேலை நடக்கிறது, ஒரு வாரம் தள்ளி வாருங்கள், அதற்குள் மாமியாரை உங்கள் வீட்டுக்கு அழைத்து வருகிறோம்" என்று கேளுங்கள். இன்னும் ஒரு வாரம் போனால் குட்டிக்கு எட்டு வாரம் நிறைந்திருக்கும். அதற்கு முன் புது வீட்டுக்கு மாறவே கூடாது. சனிக்கிழமை மாலை மகளிடம் பந்தைக் கொடுத்து இன்னொரு சுற்று வரச் சொல்லுங்கள். வாசல் கிரிலில் அவள் தொடங்கட்டும்.